கம்பஸ் விண்ணப்பம் போடுறதுக்கு ரிசல்ட்ஸ் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில கனகாலம் ஏ.எல் பிள்ளையளுக்குப் படிப்பிச்சுப்போட்டு இப்ப பென்சனில இருக்கிற ஒரு ரீச்சர். ரிசல்ட்ஸ் வந்தா உடன மாவட்டத்தில முதலாமிடம் எடுத்த பிள்ளையின்ர படத்தை உங்கட பேப்பரில போடுறியள், நல்ல விசயம், அதைப் பாத்து ஊரில இன்னும் பத்துப் பிள்ளை படிக்கும். ஆனா அந்தப் படம் வந்த பிறகு, மிச்சப் பிள்ளையள் எல்லாம் கம்பஸ் அனுமதி குடுக்கிற யூஜிசிக்கு (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) விண்ணப்பம் போட ஓடித்திரியிற அந்தக் கொஞ்சக் கிழமையில வன்னியில என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் எழுதினதைக் காணேல்ல, அதுதான் எழுதிறன்.

ரெண்டு வருசம் ரியூசனுக்கும் பாடத்துக்கும் எவ்வளவு பாடுபடுறம். விடிய நாலு மணிக்கு எழுப்பி விடுறம், பஸ் இல்லாத ஊருகளில தகப்பன்மார் சைக்கிளில ஏத்திக்கொண்டு போகினம், பெத்ததுகள் நகையை அடகு வச்சுப் படிப்பிக்குதுகள். அப்பிடிப் படிச்ச பிள்ளை எந்தக் கம்பஸில என்ன படிக்கப்போகுது எண்டதைத் தீர்மானிக்கிற விண்ணப்பத்தை மட்டும் ரோட்டோரக் கொமினிக்கேசன் கடையில, அரை மணித்தியாலத்தில, யாரோ அனுப்பின துண்டைப் பாத்து நிரப்புறம். இதில எனக்கு உண்மையாவே மனசு நோகுது.

ஒண்டைச் சொல்லுறன். முந்தி ஒருக்கா பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில ஒரு கடைக்குப் போட்டோக்கொப்பி எடுக்கப் போயிருந்தன். பயோ படிச்ச ஒரு பிள்ளை தாயோட வந்து நிக்குது. கையில கொப்பி ஒற்றை, அதில யாழ்ப்பாணத்தில இருக்கிற சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் வட்சப்பில அனுப்பின யூனிகோட் நம்பருகளை, அதுதான் எந்தக் கம்பஸில எந்தப் படிப்பு எண்டதுக்கான குறியீட்டு நம்பருகளைப் பாத்து எழுதி வச்சிருக்கு. கடைப் பெடியன் "முதலாவது என்ன அக்கா போட?" எண்டு கேக்க, பிள்ளை ஒற்றையைப் பாத்து உயிரியல் விஞ்ஞானத்தின்ர நம்பரைச் சொல்லுது. ஏனம்மா, உனக்கு உதுவா விருப்பம் எண்டு கேட்டன். இல்லை மிஸ், நேர்சிங் டிகிரிதான் விருப்பம், ஆனா அதை முதல் போட்டுக் கிடைக்காட்டி மற்றதும் இல்லாமப் போயிடுமாம், அதால கிடைக்கக்கூடியதை முதல் போடச் சொன்னவை எண்டு சொல்லிச்சுது. தாய்க்கு ஒண்டும் விளங்கேல்ல, மகளின்ர முகத்தையும் கொம்பியூட்டரையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு நிண்டவா. நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, நேர்சிங்கை மேல ஏத்தி, மிச்சத்தையும் பிள்ளையின்ர விருப்பப்படி அடுக்கித்தான் வந்தனான். எல்லாக் கடையிலயும் ஒரு ரீச்சர் போட்டோக்கொப்பி எடுக்க நிக்கப்போறதில்லையே.

"கிடைக்கிறதை முதல் போடு" எண்ட இந்தக் கதை வன்னி முழுக்கப் பரவிக் கிடக்குது, அதால இதை வடிவா விளங்கப்படுத்திறன், தயவுசெய்து வெட்டாமப் போடுங்கோ. விண்ணப்பத்தில பிள்ளை தன்ர விருப்பத்தை ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு வரிசையாப் போடுது. யூஜிசி பிள்ளையின்ர இசட் ஸ்கோரை, அதுதான் பாடப் புள்ளியளைச் சமப்படுத்திக் கணக்கிட்ட புள்ளியை, வச்சு மேல இருந்து கீழ பாத்துக்கொண்டு வரும். முதலாவதுக்கு ஸ்கோர் காணாட்டி ரெண்டாவது, அதுக்கும் காணாட்டி மூண்டாவது. முதலாவதா மருத்துவத்தைப் போட்டுக் கிடைக்காமப் போனதுக்காக ரெண்டாவதில ஒரு புள்ளியும் குறையாது, ரெண்டாவதை முதலாவதாப் போட்ட வேற பிள்ளையோட அதே ஸ்கோரிலதான் போட்டி. ஆனா மாறிப் போட்டா, விருப்பமில்லாத ஒண்டு மேல இருந்து அது கிடைச்சிட்டால் கீழ இருக்கிற விருப்பமானதை யூஜிசி பாக்காது. அதால உண்மையான விருப்பத்தின்ர வரிசையிலதான் போடவேணும். போன வருசக் கட் ஓவ் புள்ளி, அதுதான் கடைசியா எடுபட்ட பிள்ளையின்ர இசட் ஸ்கோர், ஒரு மட்டுக்கட்டுறதுக்கு மட்டும்தான், அது ஒவ்வொரு வருசமும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். இன்னொரு பிழையும் நடக்குது, நாலஞ்சு நம்பரை மட்டும் போட்டிட்டு விடுறது. பிள்ளை தகுதியான எல்லாத்தையும் பாத்து, போகச் சம்மதமான எல்லாத்தையும் கடைசிமட்டும் போட்டு வைக்கவேணும்.

இதெல்லாம் யூஜிசி ஒவ்வொரு வருசமும் போடுற கைநூலில இருக்குது, தமிழிலயும் வருது, இன்ரர்நெற்றில காசில்லாமல் இறக்கலாம். ஆனா அது தடிச்ச புத்தகம், ரிசல்ட்ஸ் வந்த பிறகு ஆற அமர வாசிக்க ஏலாது, அந்த நேரம் வீட்டில சந்தோசமோ அழுகையோ ஏதோ ஒண்டு நடந்துகொண்டு இருக்கும். 2024 ஏ.எல் சோதினையைப் பாருங்கோ, நவம்பர் கடைசியில தொடங்கி, புயல் மழையால இடையில நிண்டு, டிசம்பரில முடிஞ்சுது. ரிசல்ட்ஸ் 2025 ஏப்ரல் கடைசியிலதான் வந்தது. இடையில நாலு மாசம். அந்த நாலு மாசமும் எங்கட பிள்ளையள் என்ன செய்யுதுகள்? காலபோக வெட்டுக்கு உதவிக்குப் போகுதுகள், கிளிநொச்சி ரவுனில புடவைக் கடையில நிக்குதுகள், சிலது கார்மென்ற்சுக்குப் போகுதுகள், மிச்சம் போனோட படுத்திருக்குதுகள். வேலைக்குப் போறதை நான் குறை சொல்லேல்ல, வீட்டு நிலைமை அப்பிடி. ஆனா கிழமையில ஒரு பின்னேரம் எடுத்து விண்ணப்ப ஆயத்தம் செய்ய இதைவிட நல்ல காலம் கிடைக்காது. ரிசல்ட்ஸ் வந்த பிறகு கோடை வெயிலுக்க அங்கயும் இங்கயும் ஓடித்திரியிற அலைச்சலும் குறையும்.

முதல் பத்திரங்கள். வன்னியில இது சின்ன விசயமில்லை. இப்ப ஏ.எல் எழுதுற பிள்ளையள் 2006, 2007 அளவில பிறந்ததுகள், நடை பழகிற வயசில சனத்தோட சனமா இடம்பெயர்ந்து போனதுகள். சில பிள்ளையளின்ர பிறப்பே இடம்பெயர்ந்த இடத்தில, பதிவு பிந்தி வேற இடத்தில நடந்திருக்குது. பிறப்புப் பத்திரத்தில ஒரு பேர், அடையாள அட்டையில இங்கிலீசில ஒரு எழுத்துக் கூடினபடி இன்னொரு பேர், பள்ளிக்கூட இடாப்பில தகப்பன்ர பேர் முன்னுக்கு, சோதினை விண்ணப்பத்தில இனிசல் மாறி. கொழும்பில இருக்கிற பிள்ளைக்கு இது ஒரு நாள் அலுவலா இருக்கலாம், எங்களுக்கு விதானையிட்ட (கிராம சேவையாளர்) போய், டீ.எஸ் ஒபிசுக்கு (பிரதேச செயலகம்) போய், திரும்பவும் போய் எண்டு கிழமைக் கணக்கில இழுபடும். தகப்பன் இல்லாத, காணாமப் போன வீடுகளில வருமானக் கடிதம், கையெழுத்து எண்டு வரேக்க தாய்மார் படுற பாடு சொல்லி முடியாது, ஒவ்வொரு கந்தோரிலயும் நடந்த கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டிக்கிடக்கு. மகாபொல, பேர்சரி எண்டு உதவிப்பணத்துக்கும் குடும்ப வருமானம் காட்டத்தான் வேணும், அது இல்லாட்டி எங்கட பிள்ளையள் கம்பஸில சாப்பிட்டுப் படிக்கேலாது. இதுகளை ஜனவரியிலயே எடுத்துப் பாத்து, பிழையைத் திருத்தி, கொப்பி எடுத்து ஒரு பைலில போட்டு வச்சா ரிசல்ட்ஸ் வந்த பிறகு பாதிப் பாரம் குறையும். ஈமெயிலும் அப்பிடித்தான். கடைப் பெடியன் தன்ர ஈமெயிலையும் போன் நம்பரையும் போட்டு விண்ணப்பம் அனுப்பினா, பிறகு யூஜிசி அனுப்பிறது எல்லாம் அவனுக்குத்தான் போகும். பிள்ளைக்கெண்டு ஒரு ஈமெயில், பாஸ்வேட்டைக் கொப்பியில எழுதி வைக்கவேணும், போன் நம்பரை மாத்தக் கூடாது.

அடுத்தது மாவட்டம். கம்பஸ் அனுமதியில பெரும்பாலான துறையளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையில, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டில, 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு எண்டு பிரிச்சுக் குடுக்குறவை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பின்தங்கின மாவட்டப் பட்டியலில இருக்குது. அதே நேரம் சில துறையளுக்கு மாவட்டம் பாக்கிறேல்ல, முழுக்க அகில இலங்கைத் திறமைதான், எது எது எண்டு கைநூலில போட்டிருக்குது. ஏ.எல் படிக்க யாழ்ப்பாணம் போற எங்கட பிள்ளையள் கனபேர், எந்த மாவட்டத்துக்கு எடுபடும் எண்டதைப் படிச்ச பள்ளிக்கூடங்களையும் காலத்தையும் வச்சுத்தான் முடிவு செய்யிறவை, அந்தப் பகுதியைச் சோதினைக்குப் பிறகு இல்லை, பள்ளிக்கூடம் மாறுறதுக்கு முன்னமே தாய் தகப்பன் இருந்து வாசிக்கவேணும். ரெண்டாந்தரம் எழுத யோசிக்கிற பிள்ளையும் கிடைச்ச இடத்தில பதியிறதா விடுறதா எண்டதை அக்கம்பக்கத்துக் கதையை நம்பி முடிவெடுக்கக் கூடாது, அதுக்கும் விதி எழுதிக்கிடக்குது. பொதுச் சோதினையில, அதுதான் கொமன் ஜெனரல் பேப்பரில, 30 புள்ளி வேணும் எண்டதையும் கனபேர் கணக்கில எடுக்கிறேல்ல, மூண்டு பாடமும் நல்லா வந்து அதில வழுக்கினா அந்தத் துக்கம் வேற.

இனி நான் எல்லாத்தையும் விடக் கவலைப்படுற விசயம், அப்ரிரியூட் ரெஸ்ற் எண்டு சொல்லுற உளச்சார்புப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை. சங்கீதம், நடனம், சித்திரம், மொழிபெயர்ப்பு, உடற்கல்வி, கட்டடக்கலை எண்டு கொஞ்சத் துறையளுக்கு இசட் ஸ்கோர் மட்டும் காணாது, அந்தந்தக் கம்பஸ் வைக்கிற பரீட்சையில சித்தியடையவும் வேணும். அதுக்குக் கம்பஸ் தனியா விண்ணப்பம் கோரும், வெப்சைற்றிலயும் பேப்பரிலயும் விளம்பரம் வரும், திகதி முடிஞ்சா முடிஞ்சதுதான். யூஜிசி விண்ணப்பத்தில இராமநாதன் நுண்கலைப் பீடத்துச் சங்கீதத்தை முதலாவதாப் போட்டிட்டு, இந்தத் தனி விண்ணப்பத்தைப் போடாமல் விட்ட பிள்ளைக்கு அந்த முதலாவது இல்லாததுக்குச் சரி. வன்னியில எவ்வளவு குரல் வளமுள்ள பிள்ளையள் இருக்குதுகள், கோயில் திருவிழாவில தேவாரம் படிச்சா சனம் கதைக்கிறதை நிப்பாட்டும். ஓட்டம், உதைபந்து எண்டு மாகாணமட்டத்தில சாதிக்கிற முல்லைத்தீவுப் பிள்ளையளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில உடற்கல்விப் பட்டம் இருக்குது எண்டே சொல்லுறதுக்கு ஆளில்லை. விளையாட்டுச் சேட்டிபிக்கற் எல்லாத்தையும் பெட்டிக்க வச்சுப் பூட்டிப்போட்டு பிள்ளை கடையில நிக்குது.

பக்கத்தில இருக்கிறதையும் எங்கட சனத்துக்குத் தெரியாது. ஏ9 ரோட்டால போற பஸ்சில இருந்து எட்டிப் பாத்தா தெரியிற அறிவியல்நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர விவசாய பீடம், பொறியியல் பீடம், தொழில்நுட்ப பீடம் மூண்டும் இருக்குது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட்டில இருந்து தனிப் பல்கலைக்கழகம், பம்பைமடுவில. அங்க திட்ட முகாமைத்துவம், சுற்றாடல் விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம் எண்டு படிக்கலாம். கொமர்ஸ் படிச்ச பிள்ளையிட்டக் கேட்டா முகாமைத்துவம் எண்டு ஒரு சொல்லு மட்டும் தெரியும், அதுக்குள்ள எத்தினை விதமாப் பிரிஞ்சு கிடக்குது எண்டு தெரியாது. ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு அதைவிடக் குறைவாத் தெரியும், சட்டம், ஊடகம், மொழி எண்டு ஒண்டையும் யோசிக்காமல் கலைப்பீடம் எண்டு ஒரேயொரு நம்பரைப் போட்டிட்டு வருதுகள்.

அப்ப என்ன செய்யலாம்? புதுசா ஒரு நிறுவனமும் தொடங்கத் தேவையில்லை, பெரிய காசும் தேவையில்லை. கன ஏ.எல் பள்ளிக்கூடங்களில கொம்பியூட்டர் அறை இருக்குது, லீவு நாளில பூட்டிக்கிடக்குது. பிரதேச சபை வாசிகசாலையள் இருக்குது. சோதினை முடிஞ்சு ரிசல்ட்ஸ் வரும்வரைக்கும் மாசத்தில ரெண்டு சனிக்கிழமைப் பின்னேரம் அதைத் திறந்து விடுங்கோ. போன வருசக் கைநூலில நாலு பிரதி பிறின்ற் எடுத்துக் கட்டி வையுங்கோ. பிள்ளையள் குழுவா இருந்து, நல்லா வந்தா என்ன போடுறது, நடுத்தரமா வந்தா என்ன, குறைய வந்தா என்ன எண்டு மூண்டு விதமா வெறும் தாளில நிரப்பிப் பழகட்டும். தாய் தகப்பனையும் கூப்பிட்டு இருத்துங்கோ, ஏனெண்டால் பொம்பிளைப் பிள்ளையைத் தூரத்துக் கம்பஸுக்கு விடுறதோ இல்லையோ எண்ட முடிவு வீட்டிலதான் நடக்குது, ருகுணுவுக்கும் சபரகமுவவுக்கும் எங்கட பிள்ளையள் போய்ப் படிச்சு வேலையோட திரும்பி வந்திருக்கினம் எண்டதைப் படிச்ச பிள்ளையே வந்து நேர சொன்னாத்தான் தாய்க்குப் பயம் தெளியும். ஹொஸ்டல் எப்பிடி, சாப்பாடு எப்பிடி, பகிடிவதை நடந்தா யாரிட்டச் சொல்லுறது எண்டு கேள்வியும் கேக்க வேணும்தானே.

யார் சொல்லிக் குடுக்கிறது? எங்கட ஊரில இருந்து கம்பஸ் போன பிள்ளையள்தான். லீவுக்கு வருதுகள், விண்ணப்பம் போட்ட ஞாபகம் அதுகளுக்கு இன்னும் புதுசு. மல்லாவிப் பிள்ளைக்கு மல்லாவியில இருந்து போன அண்ணா சொன்னா விளங்கும், நெடுங்கேணிப் பிள்ளைக்கு அந்த ஊர் அக்கா சொன்னா துணிவு வரும். ரீச்சர்மாருக்கும் ஒரு சொல்லு, உங்கட வேலைப் பளு எனக்குத் தெரியும், நானும் அதைச் செய்தவள், ஆனா பிரிவுப் பொறுப்பாசிரியர் ஒராள் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னம் தன்ர வகுப்புப் பிள்ளையள் எல்லாற்ற வரிசையையும் ஒருக்காப் பாத்துவிட்டா எவ்வளவோ பிள்ளையள் தப்பும். அனுப்பின பிறகும் முடிவுத் திகதிக்கு முன்னம் திருத்த வழி இருக்குதோ எண்டதையும் அந்த வருச அறிவித்தலில பாத்துச் சொல்லுங்கோ.

வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் சங்கத்து ஆக்களிட்டயும் கேக்கிறன். நீங்கள் மண்டபம் கட்டித் தாறியள், வாசல் வளைவு கட்டித் தாறியள், நன்றி. இந்த முறை ஒரு பிறின்ரரும், இன்ரர்நெற் டேற்றாவும், ஒரு கட்டுக் கைநூலும், செய்முறைப் பரீட்சைக்கு யாழ்ப்பாணமோ கொழும்போ போற பிள்ளைக்கு பஸ் காசும் தாங்கோ. ஒட்டுசுட்டானில இருந்து மொறட்டுவைக்கு ஒரு நாள் பரீட்சைக்குப் போய்வாற காசு ஒரு கூலிக்காரத் தகப்பனுக்கு லேசில்லை, ராவில தங்க இடமும் வேணும். அங்க இருக்கிற எங்கட ஆக்கள் ஒரு ராத்திரிக்கு அந்தப் பிள்ளைக்கு இடம் குடுத்தா அதுவும் பெரிய உதவி.

இந்த நாலு மாசத்தில இங்கிலீசும் பாக்கவேணும். விஞ்ஞானம், பொறியியல், விவசாயம் எல்லாம் கம்பஸில இங்கிலீசிலதான், எங்கட பிள்ளை தமிழில படிச்சு ஏ எடுத்திட்டுப் போய் முதல் விரிவுரையில வாயடைச்சு நிக்குது. பெரிய கோஸ் ஒண்டும் வேண்டாம், தான் படிச்ச பாடத்தையே இங்கிலீஸ் புத்தகத்தில ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் வாசிச்சா சொல்லுகள் பழகும்.

கம்பஸ் கிடைக்காத பிள்ளையளையும் அதே மேசையிலதான் இருத்தவேணும், அதுகள்தான் கூடப்பேர். வவுனியாவில தேசிய கல்வியியற் கல்லூரி இருக்குது, அதுக்கு வேற விண்ணப்பம், வேற திகதி. கிளிநொச்சி அறிவியல்நகரில ஜேர்மன்ரெக் எண்ட தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்குது, என்விகியூ எண்ட தேசிய தொழிற்தகைமைச் சேட்டிபிக்கற்றோட வெளியில வரலாம், வாகன மெக்கானிக், இலத்திரனியல், வெல்டிங் எண்டு கையில தொழில். திறந்த பல்கலைக்கழகத்தில வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கலாம். எச்என்டி எண்ட உயர் தேசிய டிப்ளோமா இருக்குது. இதுகளைச் சொல்ல ஆளில்லாத இடத்திலதான் வெளிநாட்டுக்கு அனுப்பிற ஏஜென்சிக்காரன் வந்து வீட்டுத் திண்ணையில இருக்கிறான், காணியை வித்துக் குடுத்திட்டு பெடியன் எங்க நிக்கிறான் எண்டு தெரியாமல் இருக்கிற வீடுகள் எங்கட ஊரிலயே இருக்குது.

கடைசியா உங்களிட்ட ஒரு வேண்டுகோள் ஐயா. ரிசல்ட்ஸ் வந்த நாளில இருந்து விண்ணப்பம் முடியும்வரைக்கும் உங்கட பேப்பரில ஒரு மூலையை இதுக்கெண்டு ஒதுக்கித் தாங்கோ. யூஜிசி முடிவுத் திகதி, எந்தக் கம்பஸ் எந்தச் செய்முறைப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரியிருக்குது, கல்வியியற் கல்லூரி விண்ணப்பம் எப்ப, இதுகளைப் பெரிய எழுத்தில ஒரே இடத்தில போடுங்கோ. இப்ப இந்த விளம்பரங்கள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கத்தில, மரண அறிவித்தலுக்கும் காணி விற்பனைக்கும் நடுவில சின்னனா வருது. துணுக்காய்ப் பக்கமும் மடுப் பக்கமும் பேப்பர் மத்தியானம்தான் வரும், சில வீட்டில வாங்கிறதே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதால அந்த மூலையை ஞாயிறுப் பேப்பரில போட்டா கூடப் பிள்ளையளுக்குப் போய்ச் சேரும். நான் இருக்கிற பக்கத்தில வாசிகசாலையில இருந்து சொல்லிக் குடுக்க ஆயத்தமா இருக்கிறன், இன்னும் ரெண்டு மூண்டு ஓய்வுபெற்ற ரீச்சர்மாரோடயும் கதைச்சிட்டன், அவையும் ஓம் எண்டிட்டினம். மற்ற ஊருகளில செய்ய விருப்பமான ஆக்கள் தங்கட பள்ளிக்கூட அதிபரோட இந்தக் கிழமையே கதையுங்கோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
புதுக்குடியிருப்பு.